ஐப்பசியில் தயாராகும் மே மாதப் புல்வெளி

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மே மாதத்தில்தான் போகிறார்கள். மலர்க்காட்சி நடக்கும் மாதம் அது. 2025 மே மாதம் நடந்தது 127-வது காட்சி. நுழைவாயிலைத் தாண்டியதும் எதிரே சரிவாக விரிந்து கிடக்கும் பெரிய புல்வெளியில் குடும்பத்தோடு உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு, கண்ணாடி மாளிகையில் பூக்களைப் பார்த்துவிட்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு மலை இறங்குகிறார்கள். பூக்களைப் பற்றி ஊரில் போய்ப் பத்து நாள் பேசுவார்கள். உட்கார்ந்திருந்த புல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விவசாயம் தெரிந்தவர்கள் அந்தப் பூங்காவைப் பார்க்க வேண்டிய மாதம் வேறு. தீபாவளிக் கூட்டம் குறைந்து, வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்கும் ஐப்பசிக் கடைசியில் போக வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசன் அப்போது முடிந்திருக்கும். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த புல்வெளி களைத்துப்போய்க் கிடக்கும். நடுப்பகுதியில் புல் தேய்ந்து மண் தெரியும். ஓரங்களில் சாக்கை விரித்து உட்கார்ந்து பெண்கள் வரிசையாகக் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். மே மாதத்துப் பச்சை அந்த நாட்களில்தான் முடிவாகிறது.

தமிழில் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்பார்கள். அடுத்து மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. சமவெளியில் இருப்பவர்களுக்கு இவை இலக்கணப் பாடத்தில் படித்த பெயர்கள். ஊட்டிக்காரர்களுக்கு அந்த வரிசை கண்ணெதிரே நடக்கும். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் முதலில் நீர்ப்பனி இறங்கும். இரண்டு, மூன்று வாரம் அது விழுந்த பிறகு உறைபனி வரும். அதன் பிறகு பிப்ரவரி வரை புல்லுக்கு வளர்ச்சி இல்லை. உயிர் பிழைத்திருப்பதுதான் வேலை.

பூங்கா 1848-ல் உருவாகத் தொடங்கியது. அதற்கு முன்பு ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்துக்கொண்ட தோட்டம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்து, தொட்டபெட்டா மலைச்சரிவின் அடியில் சேறும் காடுமாகக் கிடந்த நிலத்தைத் திருத்திப் பூங்காவாக்க ஏறக்குறைய 10 ஆண்டுகள் பிடித்தன. பின்னாளில் நீலகிரியில் சின்கோனா மரத்தை நிலைநிறுத்தியவரும் அவர்தான். இன்று சுமார் 22 ஹெக்டேரில், கடல் மட்டத்திலிருந்து 2,250 மீட்டருக்கு மேல் படிப்படியாக ஏறிப் போகிறது பூங்கா. உச்சியில் தோடர் மந்து இருக்கிறது. தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது.

மெக்ஐவர் காலத்தில் ஊட்டியில் இல்லாத ஒன்று, இன்று ஊட்டி முழுவதும் பரவிக் கிடக்கிறது. அதுதான் கிக்குயூ புல். கென்யாவின் மேட்டுநிலங்களில் வாழும் கிக்குயூ மக்களின் பெயரால் அழைக்கப்படும் இந்தப் புல்லுக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டதே 1903-ல்தான். பென்னிசெட்டம் கிளாண்டெஸ்டினம் என்பது அந்தப் பெயர். கிளாண்டெஸ்டினம் என்றால் ஒளிந்திருப்பது என்று பொருள். பூ இலையுறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வெட்டிய புல்வெளியில் சில காலைகளில் வெள்ளை வெள்ளையாக நூல் போலத் தெரிவது அதன் மகரந்தத் தாள்கள். புதியவர்கள் பூஞ்சணம் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுவதுண்டு. வாங்கத் தேவையில்லை.

இந்தப் புல்லின் பலமும் பலவீனமும் அதன் பிறந்த இடத்திலிருந்தே வருகின்றன. பூமத்திய ரேகையை ஒட்டிய உயர்ந்த மலைநிலம் அது. குளிர்ச்சி உண்டு, நல்ல மழை உண்டு, கடும் உறைபனி அரிது. அதனால் நீலகிரியின் கோடையும் மழையும் கிக்குயூவுக்குப் பிறந்த வீடு போல. டிசம்பர், ஜனவரி மட்டும் ஒத்துக்கொள்ளாது. இலை கருகிவிடும். ஆனால் தரைமேல் ஓடும் தண்டும், தரைக்கடியில் போகும் தண்டும் சாதாரண உறைபனிக்குச் சாவதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால் நல்ல புல்வெளியைத் தோண்டி எறிந்தவர்கள் உண்டு.

கேத்தி பாலாடாவில் கேரட் போடும் விவசாயி ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. பள்ளத்தாக்கின் அடிப்பக்கம் வீடு. வீட்டின் முன்னால் 6 சென்ட் புல்வெளி. கேரட் விலை எந்த வாரம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாததால், வீட்டின் இரண்டு அறைகளைச் சீசனில் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறார். மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த வருமானத்தில்தான் போகிறது. வருகிறவர்கள் அறையைவிட முற்றத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்பது அவருடைய அனுபவம். புல் பச்சையாக இருந்தால் வாடகை பற்றி அதிகம் பேசமாட்டார்களாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, புத்தாண்டுக்கு முன்பதிவு செய்தவர்கள் வருவதற்குள் முற்றம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நவம்பர் நடுவில் 5 கிலோ யூரியாவைத் தூவித் தண்ணீர் விட்டார். பத்தே நாளில் புல் கரும்பச்சையாக எழுந்தது. டிசம்பர் கடைசியில் ஒட்ட வெட்டிவிட்டார். ஜனவரி முதல் வாரத்தில் தொடர்ந்து நான்கு இரவுகள் உறைபனி. காலையில் வெள்ளையாக இருந்த புல்லின் மேல் விருந்தினர்கள் நடந்து படம் எடுத்தார்கள். மதியம் பார்த்தால் நடந்த இடமெல்லாம் காலடித் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. ஒரு வாரத்தில் 6 சென்டும் காய்ந்த வைக்கோல் நிறம். புல் செத்துவிட்டது என்று பிப்ரவரியில் ஆள் விட்டுக் கொத்தி, நர்சரியிலிருந்து புதுப் புல் வாங்கி நட்டார். மே மாதச் சீசனுக்கு அது பாதிதான் மூடியது. செலவும் போய், முற்றமும் திட்டுத் திட்டாக நின்றது.

அடுத்த ஐப்பசியில் உறவினர் ஒருவர் அவரைப் பூங்காவுக்கு அழைத்துப்போனார். புல்வெளி வேலையிலேயே 30 ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்ற தோட்டக்காரர் ஒருவரை அங்கே சந்திக்கத்தான் அந்தப் பயணம். மழை விட்ட மதியம். தரை ஈரமாக இருந்தது. கயிறு கட்டி மூடியிருந்த ஒரு பகுதியின் ஓரமாக மூவரும் நின்றார்கள். விவசாயி நடந்ததைச் சொன்னார்.

"ஐயா, யூரியா போட்டுப் பத்து நாள்ல அப்படி ஒரு பச்சை. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

"அந்தப் பச்சையாலதான் தம்பி ஆச்சு. தூங்கப்போற நேரத்துல குழந்தைய எழுப்பி, சோறு ஊட்டி, சட்டை இல்லாம வாசல்ல விட்ட மாதிரி பண்ணிட்டீங்க."

பெரியவர் சொன்னது விளையாட்டுப் பேச்சு போல இருந்தாலும், அதற்குள் இருக்கும் விவரம் சரியானது. தழைச்சத்து கிடைத்தால் புல் இளந்துளிரை விடும். இளந்துளிரின் செல்கள் பெரிதாக, சுவர் மெல்லியதாக, உள்ளே தண்ணீர் அதிகமாக இருக்கும். அது எளிதில் உறையும். மெதுவாக வளர்ந்து முதிர்ந்த இலையில் சாறு கெட்டியாக இருக்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் தண்டில் சேர்ந்திருக்கும். அது கொஞ்சம் தாங்கும். தவிர, நவம்பரில் துளிர் விடுவதற்குப் புல் தன் தண்டில் சேர்த்து வைத்திருந்த சேமிப்பை எடுத்துச் செலவழித்துவிடுகிறது. மார்ச்சில் மறுபடி எழுவதற்கு இருந்த கைமுதல் அது.

உறைபனி எப்படி இறங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். வானத்தில் மேகம் இல்லாமல், காற்று அசையாமல் இருக்கும் இரவில், தரையும் புல்லும் பகலில் வாங்கிய வெப்பத்தை வேகமாக இழந்துவிடும். புல்லின் நுனி, அதற்கு நான்கடி மேலே இருக்கும் காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். அதனால்தான் வெப்பமானியில் 3 டிகிரி காட்டும் காலையிலும் புல் வெள்ளையாக உறைந்திருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே பள்ளத்தைத் தேடி வழிந்து தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானப் பகுதி போன்ற தாழ்ந்த இடங்களில் முதலில் வெள்ளை விரிவதற்குக் காரணம் இதுதான். கேத்திப் பள்ளத்தாக்கின் அடிப்பக்கத்துக்கும் இதே கதி. மேட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் புல் தப்பித்ததென்றால் அவர் வேறு உரம் போட்டார் என்று அர்த்தம் இல்லை.

பெரியவர் அன்று நிறையப் பேசவில்லை. கயிறு கட்டிய இடத்தில் குனிந்து புல்லைக் கையால் அழுத்திக் காட்டினார். விரல் மண்ணைத் தொடவில்லை. பஞ்சு மெத்தை போல அமுங்கியது. கிக்குயூ புல்லின் பெரிய தொல்லை இந்த மெத்தை. பழைய தண்டும் வேரும் மட்காமல் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு அங்குலம்கூட ஏறிவிடும். மேலே பச்சையாகத் தெரியும். வேரோ மண்ணுக்குள் போகாமல் மெத்தைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். போட்ட உரமும் விட்ட தண்ணீரும் மெத்தையோடு நின்றுவிடும். உறைபனி வந்தால் மண்ணுக்குள் இருக்கும் வெப்பமும் வேருக்குக் கிடைக்காது.

"மொதல்ல இதக் கோதி எடுங்க. அப்புறம் குத்துங்க. அப்புறம் மண்ணு போடுங்க. யூரியாவ மாசி கடைசி வரைக்கும் மறந்துடுங்க" என்றார்.

விவசாயி அதை அப்படியே செய்தார். புது நடவில் மெத்தை அதிகம் சேரவில்லை; கொத்தாமல் விட்டிருந்த ஓரங்களில்தான் கனமாக இருந்தது. அந்த 6 சென்டில் நடந்த வேலையை விவரமாகச் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் வெட்டு. அக்டோபர் கடைசியில் புல்லை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு வெட்டினார். அதன் பிறகு ஜனவரி முடியும்வரை இயந்திரத்தை வெளியே எடுக்கவில்லை. இரண்டு, இரண்டரை அங்குல இலை தண்டின் மேல் போர்வை போல இருக்கும். பனி இலையைக் கருக்கினாலும் தண்டு தப்பும். ஒட்ட வெட்டினால் தண்டு திறந்த வெளியில் கிடக்கும். வெட்டும் கத்தி கூர்மையாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மொட்டைக் கத்தி இலையைக் கிழிக்கும். கிழிந்த நுனி இரண்டே நாளில் பழுப்பாகிவிடும். அதைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று உரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து இரும்புப் பல் வைத்த வாரியால் நீளவாட்டிலும் குறுக்கிலும் அழுத்தி வாரினார். ஓரங்களிலிருந்து மட்டும் சாக்குச் சாக்காகக் காய்ந்த தண்டு வந்தது. வாரி முடித்ததும் புல்வெளி பார்க்க அலங்கோலமாக இருக்கும். மனைவி பார்த்துவிட்டு, "போன வருஷம் பனி பண்ணினத இந்த வருஷம் நீங்களே பண்றீங்களா?" என்று கேட்டாராம். இந்த வேலையை அக்டோபர் முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்பது இதனால்தான். பனிக்கு முன் புல் கொஞ்சம் தேறி மூடிக்கொள்ள மூன்று வாரமாவது வேண்டும். தாமதமானால் லேசாக மட்டும் வாரிவிட்டு, ஆழமான வாரலை மார்ச்சுக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

மூன்றாவது, குத்துவது. இதுதான் உடம்பு நோகிற வேலை. பலன் அதிகம் தருகிற வேலையும் இதுதான். நான்கு பல் ஃபோர்க்கை 3 முதல் 4 அங்குல ஆழம் இறக்கி, லேசாக முன்னும் பின்னும் அசைத்து எடுத்து, அரை அடி தள்ளி மறுபடியும் இறக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கலாம். சேறாக இருக்கக் கூடாது. சேற்றில் குத்தினால் துளையின் சுவர் இறுகிப் பூசினாற்போல் ஆகிவிடும். ஆட்கள் நடக்கும் பாதை, நாற்காலி போடும் இடம், கார் திருப்பும் ஓரம் ஆகியவற்றை இரண்டு முறை குத்தினார். கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் மழைநீர் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். நின்ற நீர் இரவில் உறையும்.

நான்காவது, மண் போர்வை. சலித்த செம்மண், மணல், நன்றாக மட்கிய தொழு உரம் மூன்றும் சம பாகம். கால் அங்குல கனத்தில் பரப்ப ஒரு சென்டுக்கு சுமார் 9 கன அடி தேவைப்படும். 6 சென்டுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். பரப்பிய பிறகு வாரியின் முதுகால் இழுத்துத் துளைகளுக்குள் இறக்கிவிட வேண்டும். இலை நுனி வெளியே தெரிய வேண்டும், புதைத்துவிடக் கூடாது. தொழு உரம் மட்காமல் இருந்தால் களை விதையும் வேர்ப்புழுவும் கூடவே வந்துசேரும். உருளைக்கிழங்கு நிலத்தில் அந்தப் புழுவோடு போராடுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உரத்தில் அவர் போட்டது சாம்பல் சத்து மட்டும். சென்டுக்கு 200 கிராம் மியூரேட் ஆப் பொட்டாஷ், 6 சென்டுக்கு 1.2 கிலோ, உலர்ந்த மணலோடு கலந்து இலை காய்ந்திருக்கும் வேளையில் தூவி உடனே தண்ணீர் விட்டார். சாம்பல் சத்து செல்லின் சாற்றைக் கெட்டிப்படுத்துகிறது. குளிரையும் வறட்சியையும் தாங்கும் சக்தி கூடுகிறது. அதிகம் போட்டால் உப்பு ஏறி இலை நுனி கருகும். எனவே அளவைத் தாண்ட வேண்டாம். தழைச்சத்தைச் செப்டம்பர் நடுவோடு நிறுத்திவிட வேண்டும். கணக்கு எளிது. முதல் கடும் பனிக்கு ஆறு வாரம் முன்பு கடைசி யூரியா.

நீலகிரி மண் புளிப்பு மண். டோலமைட் போடாமல் இங்கே காய்கறி விவசாயம் இல்லை. அதற்காகப் புல்வெளிக்கும் கண்ணை மூடிக்கொண்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது சரியல்ல. கிக்குயூ ஓரளவு புளிப்பைத் தாங்கும் புல். மண் பரிசோதனை செய்து, தேவை என்றால் மட்டும், சென்டுக்கு ஒரு தடவைக்கு 5 கிலோவுக்கு மேல் போகாமல், குத்திய துளைகள் திறந்திருக்கும்போது போடலாம். மண் போர்வைக்கு முன்பு போட வேண்டும். யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்றவற்றோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு, மூன்று வார இடைவெளி அவசியம்.

களையில் புளியாரையைத்தான் கவனிக்க வேண்டும். இளஞ்சிவப்புப் பூ விடும் வகை நீலகிரித் தோட்டங்களின் தீராத தலைவலி. மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிழங்குகளாகப் பெருகும். பிடுங்கினால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளே நிற்கும். ஐப்பசி ஈரத்தில் சிறு கத்தியால் கிழங்கோடு நெம்பி எடுப்பதுதான் வழி. பூங்காவில் அந்தப் பெண்கள் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்வது இந்த வேலையைத்தான். பார்க்கச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

ஜனவரியில் விடியற்காலை பூங்காவுக்குப் போனால் வேறு ஒரு இடம் போல இருக்கும். கூட்டம் இல்லை. மலர் நாற்றுகள் மேல் மிலார் கொப்புகளைக் கூரை போலச் சாய்த்துப் பனி நேராக விழாமல் மறைத்திருப்பார்கள். பெரிய புல்வெளியில் ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருக்கும். உறைபனியில் தண்ணீரா என்று பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. வெயில் ஏறுவதற்கு முன் இலை மேல் உள்ள பனியைத் தண்ணீர் கரைத்துவிடும். உறைந்த இலையில் சட்டென்று வெயில் பட்டால் வரும் கருகல் குறையும். முந்தைய நாள் பகலில் மண்ணை நனைத்து வைப்பதும் உதவும், ஏனென்றால் ஈர மண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பிடித்து வைத்து இரவில் விடும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. நடு இரவில் எழுந்து கொஞ்ச நேரம் தெளித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. தெளித்த நீர் ஆவியாகும்போது இலை இன்னும் குளிரும். தெளிப்பதென்றால் விடியும் நேரத்தில் தொடங்கிப் பனி முழுக்கக் கரையும்வரை விடாமல் தெளிக்க வேண்டும். அந்த அளவு தண்ணீர் இல்லாத வீடுகளில் தெளிக்காமலேயே இருப்பது மேல். கேத்தி விவசாயியிடம் தண்ணீர் இல்லை. கேரட்டுக்கே போதவில்லை. அவர் செய்தது ஒன்றுதான். முற்றத்தின் குறுக்கே கயிறு கட்டி, காலை 9 மணிவரை யாரும் புல்லில் இறங்கக் கூடாது என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். உறைந்த இலை கண்ணாடி போல. மிதித்தால் செல் உடைந்து, அந்தத் தடம் மார்ச் வரை போகாது. விருந்தினர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் கயிற்றைத் தாண்டியே போனார். அவருடைய தடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்ததால், பின்னால் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வது எளிதாகிவிட்டது.

அந்த ஆண்டும் உறைபனி வந்தது. புல்லும் பழுப்பாகத்தான் ஆனது. இதை மறைக்கத் தேவையில்லை. எவ்வளவு தயார் செய்தாலும் பள்ளத்தாக்கில் கிக்குயூ ஜனவரியில் பச்சையாக இருக்காது. விவசாயி பயந்துபோய்ப் பெரியவருக்குப் போன் செய்தார்.

"ஒரு தண்டப் பிச்சுப் பாருங்க. உள்ள எப்படி இருக்கு?"

"வெள்ளையா, கெட்டியா இருக்குதுங்க ஐயா."

"அப்ப தூங்குது. எழுப்பாதீங்க."

தண்டு உள்ளே பழுப்பாக, நசுக்கினால் சொதசொதவென்று இருந்தால்தான் செத்தது என்று அர்த்தம். அப்படி இருக்கும் திட்டுகளை மட்டும் மார்ச்சில் மாற்றினால் போதும். முந்தைய ஆண்டு அவர் கொத்தி எறிந்த 6 சென்டில் பெரும்பகுதி உயிரோடுதான் இருந்திருக்கும்.

பிப்ரவரி கடைசியில் பனி ஓய்ந்ததும் கருகிய நுனிகளைச் சற்றுத் தாழ்வாக வெட்டி வாரி எடுத்தார். மார்ச் முதல் வாரம் சென்டுக்கு 200 கிராம் யூரியா, மூன்று வாரம் கழித்து இன்னொரு 200 கிராம். தண்ணீரை நான்கு நாளுக்கு ஒருமுறை ஆழமாக விட்டார். தினமும் மேலே தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். ஏப்ரலில் கோடை மழை இரண்டு முறை நன்றாகக் கிடைத்தது. ஐப்பசியில் குத்திய துளைகளின் வழியே வேர் இறங்கியிருந்ததால் புல் ஒரே சீராக எழுந்தது. காலடித் தடங்கள் மட்டும் கடைசியில்தான் மூடின.

வாரி எடுத்த தண்டுகளை என்ன செய்வது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், கிக்குயூ அங்கே வேர் விடும். சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் கொட்டிய தண்டுகள்தான் சதுப்பு நிலங்களிலும் மலைப் புல்வெளிகளிலும் ஏறி, உள்ளூர்ப் புற்களை மூடிவிடுகின்றன. கேரட் பாத்திக்குள் வந்துவிட்டால் கூலி கொடுத்து மாளாது. வாரியதைச் சிமென்ட் தரையில் போட்டு முழுக்கக் காய வைத்து, பிறகுதான் மட்கு குழியில் போட வேண்டும். வெட்டிய பச்சைப் புல் மாட்டுக்கு நல்ல தீவனம். ஆனால் யூரியா போட்டு மூன்று வாரம் ஆகாத புல்லையும், களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லையும் மாட்டுக்குப் போடக் கூடாது. கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

சமவெளியில் இருக்கும் வாசகர்கள் அருகம்புல்லோ கொரியன் புல்லோ வைத்திருப்பார்கள். அங்கே உறைபனி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அவர்களுக்கு எதிரி தேங்கும் மழைநீரும் பூஞ்சணமும்தான். வடிகாலைச் சரிசெய்து, மழை மாதங்களில் தழைச்சத்தைக் குறைத்து, மார்கழியில் மாலைத் தண்ணீரைக் காலைக்கு மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஃபோர்க்கால் குத்துவது அங்கேயும் தேவை.

மே மாதத்தில் கேத்தி வீட்டின் இரண்டு அறைகளும் மூன்று வாரம் தொடர்ந்து நிரம்பியிருந்தன. மலர்க்காட்சிக்கு மனைவியையும் மகளையும் அழைத்துப்போன விவசாயி, கூட்டத்துக்கு நடுவே பூங்காவின் புல்வெளியில் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏதோ காசைத் தொலைத்துவிட்டார் என்று நினைத்து இரண்டு பேர் தேட உதவிக்கு வந்தார்கள். திரும்பும் வழியில் சேரிங் கிராஸ் அருகே இரும்புக் கடையில் ஃபோர்க் ஒன்று வாங்கினார். பழையதில் ஒரு பல் வளைந்திருந்தது.